நாலாவது ஆள் இல்லை

"மேடம், ஒரு பேய் மாட்டியிருக்கு" என்று சொல்லி எங்கள் புள்ளிவிவரப் பிரிவுப் பெண் என் மேஜைமேல் ஒரு மஞ்சள் அட்டையை வைத்தாள். "செத்து ஏழு மாசம் கழிச்சு வீடு மாறியிருக்காங்க."

சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். எதிர் மேஜைக்காரரைக் கூப்பிட்டு, "பாருங்கய்யா, பேய்கூட ஒழுங்கா முகவரி மாத்தத்தைத் தெரிவிக்குது, நம்ம ஆளுங்கதான் தெரிவிக்கறதில்ல" என்று நக்கல் வேறு அடித்தேன். அப்புறம்தான் அட்டையின் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தேன். வீட்டு எண் 217. ஆள் எண் 04.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்டே இருபத்தேழு வருஷம் பிழைத்தவள் நான். ஊர்வம்பு இல்லை, அச்சடித்த பாரத்தில் வரிசையாக எண் போட்ட கேள்விகள். வீட்டில் எத்தனை பேர், யார் யாருக்கு என்ன உறவு, யார் வேலைக்குப் போகிறார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை, கூரை தளமா ஓடா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது. நாலாயிரத்துச் சொச்சம் வீடுகள். அதே வீடுகளுக்கு வருஷம் ஒருதடவை போய் அதையே கேட்க வேண்டும். ஒரு குடும்பத்தை விடாமல் பல வருஷம் பார்த்தால்தான் யார் எதனால் மேலே வந்தார்கள், யார் எதனால் சரிந்தார்கள் என்று தெரியும் என்பது எங்கள் ஆய்வு நிறுவனத்தின் வேதவாக்கு. என் வீட்டுக்காரர் இதை வேறு மாதிரி சொல்வார். "சம்பளம் வாங்கிட்டு அடுத்த வீட்டுக் கதை கேக்கற ஒரே ஆளு நீதான்டி."

முதல் வருஷம் ஒரு வீட்டில் யார் யார் இருந்தார்களோ அவர்களுக்கு ஆளுக்கொரு எண் கொடுத்துவிடுவோம். அந்த எண் சாகும்வரை மாறாது. கல்யாணம் ஆகிப் போனாலும், கோபித்துக்கொண்டு போனாலும், வேலைக்கு எங்கே போனாலும் பின்னாலேயே போய்ப் பிடித்து அங்கேயும் பாரம் எழுதுவோம். ஆள் இறந்துவிட்டால் மட்டும் அந்த வரிசையை மூடிவிடுவோம். மூடிய வரிசை அடுத்த வருஷப் பாரத்தில் அச்சாகாது. அதற்குத்தான் அந்த மஞ்சள் அட்டையும். தபால்தலை ஒட்டியே வீட்டுக்கு இரண்டு கொடுத்து வைப்போம். யாராவது இடம் மாறினால் புது முகவரியை எழுதிப் பெட்டியில் போட்டால் போதும்.

217 வீட்டுக்கு நான் முதல்முதலாகப் போனபோது எனக்கு முப்பத்தொன்று. அந்த வீட்டுக்காரர் கடைகடையாகப் போய்த் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை குத்தும் ஆய்வாளர். நாங்கள் எங்களுக்குள் அவருக்கு 'தராசு' என்று பேர் வைத்திருந்தோம். பாரத்தில் ஒரு கேள்விக்குக்கூடத் தோராயமாகப் பதில் சொல்ல மாட்டார். "வீட்டுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் எவ்வளவு தூரம் சார்?" என்றால், "இருங்க" என்று எழுந்துபோய் நடந்து எண்ணிவிட்டு வந்து சொல்கிற ஜாதி. "அச்சடிச்ச கேள்விக்குப் பொய் சொல்றதும் கள்ளத் தராசுல நிறுக்கறதும் ஒண்ணுதான்" என்பார். அவர் ஒன்று, அவர் மனைவி இரண்டு, பெரியவன் மூன்று, சின்னவள் நாலு.

சின்னவளுக்கு அப்போது ஒன்பது வயது. தனக்கு ஒரு நம்பர் இருக்கிறது என்று கேட்டதும் அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு. தெருவில் போகிறவர்களிடமெல்லாம் "நான் நாலு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதுவே பேராக நிலைத்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் என் பையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வாசல்வரை வருவாள். "கேள்வி அக்கா, நான் வேற ஊருக்குப் போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"வந்து கண்டுபிடிப்பேன்."

"கடலுக்கு அந்தாண்ட போயிட்டா?"

"கப்பல் ஏறி வருவேன். எங்க போனாலும் உன்னை விட மாட்டோம்டி, நாலு."

விளையாட்டுக்குச் சொன்னதில்லை. எங்கள் வேலை விதியே அதுதான்.

பதின்மூன்றாவது வருஷம். அன்றைக்கு அது எனக்கு ஆறாவது வீடு, இன்னும் இரண்டு வீடு பாக்கி. நாலரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் ஆறே முக்காலுக்குத்தான். தராசு வேலைக்குப் போயிருந்தார். அம்மாவும் பக்கத்து வீட்டு அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பாட்டுக்கு ஆரம்பித்தேன்.

"எல்லாரும் இருக்காங்களாம்மா? சார் இருக்காரு. பெரியவன்?"

"இருக்கான்."

"நாலு?"

அந்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு, "அவ இல்ல" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயையோ! எப்போம்மா?"

"போன மாசம். பதினெட்டாந் தேதி."

என்ன ஆச்சு என்று கேட்க வாயைத் திறந்தேன். பக்கத்து வீட்டம்மா உதட்டில் விரலை வைத்து, கேட்காதே என்று எனக்கு ஜாடை காட்டினார். இருபத்தொரு வயதுப் பெண், தாய் அழுகிறாள், பக்கத்து வீட்டுக்காரி கேட்காதே என்கிறாள். வேறு என்ன நினைப்பேன்? அதைத்தான் நினைத்தேன். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சக் கூடாது என்று அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மனசைத் தேத்திக்கோங்கம்மா."

"தேத்திக்கத்தானே வேணும். போனவ போயிட்டா. இனி அழுது என்ன."

நாலாவது வரிசையில் 'இறப்பு' என்ற கட்டத்தில் குறி போட்டேன். தேதி பதினெட்டு என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'தெரியாது'. எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அழுத கண்ணோடேயே கடிகாரத்தையும் பார்த்தேன். நாலரை மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

மறுவருஷம் அச்சாகி வந்த பாரத்தில் மூன்று வரிசைதான் இருந்தது. தராசு எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் துல்லியமாகப் பதில் சொன்னார். நான் மறந்தும் நாலு பேச்சை எடுக்கவில்லை. பெற்ற வயிறு, எதற்குக் கிளறுவானேன் என்று இருந்துவிட்டேன். எல்லாம் முடிந்து அந்தம்மா கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"அவ்வளவுதானா? வேற யாரைப் பத்தியும் கேக்க வேண்டாமா?"

"அவ்வளவுதாம்மா. இதுக்கு மேல கேட்டா நீங்களே விளக்குமாத்தை எடுத்துடுவீங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வருஷமும் கேட்டார், "அவ்வளவுதானா?" அதற்கடுத்த வருஷமும் கேட்டார். பாவம், எங்கள் கேள்வி அந்தம்மாவுக்குப் பிடித்துப் போய்விட்டது போலிருக்கிறது என்று அலுவலகத்தில் வந்து சொல்லிச் சிரிப்பேன். நாலு வருஷம் அப்படிப் போனது. பிறகு எனக்குப் பதவி உயர்வு கிடைத்து மேற்பார்வையாளர் ஆனேன். 217-க்கு வேறு வேறு ஆட்கள் போனார்கள்.

மேற்பார்வையாளர் என்றால் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். எங்கள் கையேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. 'இல்லை என்று பதில் வந்தால், எங்கே என்று கேட்கவும்.' அதை நான் நடித்தே காட்டுவேன். "நம்ம பாஷையில 'அவர் இல்ல'ன்னா வீட்ல இல்லன்னும் அர்த்தம், உலகத்துலயே இல்லன்னும் அர்த்தம். கடைக்குப் போன மனுஷனைக் காடு சேர்த்துடாதீங்க!" வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். பத்து வருஷம் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஊருக்குத்தானே உபதேசம்.

இப்போது எனக்கு ஐம்பத்தெட்டு. ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது. பழைய காகிதங்களையெல்லாம் கணினியில் ஏற்றுகிறார்கள் என்று பெட்டி பெட்டியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெட்டிக்கு 'பொருந்தாதவை' என்று பேர். எந்த வரிசையோடும் ஒட்டாத அட்டைகளும் கடிதங்களும் அதில்தான் போய் விழும். மூடிய வரிசைக்கு முகவரி வந்தால் எதோடு பொருந்தும்? அந்தப் பெட்டியில்தான் இந்த அட்டை பதினாலு வருஷமாகக் கிடந்திருக்கிறது.

அட்டையைத் திருப்பிப் படித்தேன். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திய கை, எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. 'நாலாவது ஆள் இப்போது கீழ்க்கண்ட முகவரியில் இருக்கிறாள். ஒருதடவை போய்ப் பார்த்து எழுதிக்கொள்ளவும்.' அடியில் முகவரி. அதற்கும் அடியில், இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி, 'நல்லா இருக்கிறாளா என்று கேட்கவும்.'

மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். புள்ளிவிவரப் பெண் பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல பெண்தான். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இளம்பெண்கள் சாவு பத்தின கட்டுரையில இவங்களும் ஒரு கேஸ் மேடம். மொத்தம் முப்பத்தொண்ணு. ஒண்ணு குறைஞ்சா முடிவு ஒண்ணும் மாறாது" என்றாள்.

"யாருக்கு மாறாது?" என்று கத்திவிட்டேன். "சொல்லு, யாருக்கு மாறாது?"

அவள் முகம் சுருங்கிப் போய்விட்டது. அவள்மேல் என்ன தப்பு? பிறகு மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கே மத்தியானம் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு 217-க்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அந்தம்மாவின் காலில் விழுந்துவிட வேண்டும் என்பது ஒன்றே எனக்கு. கேட்கிறேன், இப்போது கேட்கிறேன், அவ எங்கம்மா இருக்கா, நல்லா இருக்காளா.

கதவு திறந்தே கிடந்தது. ஒரு வருஷம் நாங்கள் அன்பளிப்பாகக் கொடுத்த சுவர்க் கடிகாரம் அதே ஆணியில் ஓடிக்கொண்டிருந்தது. தராசு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எழுபத்தொரு வயது. உடம்பு பாதியாகியிருந்தது, முதுகு மட்டும் வளையவில்லை. என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வாம்மா. இன்னும் நாலு மாசம் இருக்கே உங்களுக்கு" என்றார். எங்கள் ஆள் எந்த மாதம் வருவார் என்பதும் அவருக்கு மனப்பாடம்.

"அம்மாவைப் பாக்கணும் சார்."

"ரெண்டாம் நம்பரை அடிச்சிடுங்க" என்றார். "எட்டு மாசம் ஆச்சு. ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னா. விடியறதுக்குள்ள முடிஞ்சுது."

எட்டு மாதம். பதினாலு வருஷத்தில் எந்த மாதம் அந்தப் பெட்டியைப் பிரித்திருந்தாலும் போதுமே. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். 'இல்ல' என்று அந்தம்மா சொன்னது, பக்கத்து வீட்டம்மா ஜாடை காட்டியது, நான் குறி போட்டது, பஸ்ஸைப் பிடித்தது, எல்லாம். அவர் அட்டையை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். இரண்டாம் தடவை படித்தார்.

"என் வீட்டுக்காரி எழுத்து" என்றார். "ரெண்டு குழந்தைங்களோட இருந்த லேத் பட்டறைக்காரனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா பொண்ணு. எனக்குத் தாங்கல. இந்த வீட்ல அவ பேச்சை யாரும் எடுக்கக் கூடாதுன்னுட்டேன். ஒரே ஒரு கடுதாசி வந்துச்சு. அதைப் பெத்தவ கையாலயே கிழிக்க வெச்சு, அவளுக்கு ஒரு வரி எழுத மாட்டேன்னு பையன்மேல சத்தியம் வாங்கினேன்." அட்டையைத் தடவினார். "அவளுக்கு எழுதல. உங்களுக்கு எழுதியிருக்கா. கெட்டிக்காரி."

சிரிக்க வந்தது அவருக்கு. பாதியில் உடைந்துவிட்டது.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே சார், வரிசை ஒண்ணு குறையுதுன்னு" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. யாரைக் கேட்கிறேன் நான்!

"பாத்தேன். மறுவருஷமே பாத்தேன். மூணு வரிசைதான் இருந்துச்சு. நான் வீட்ல இல்லாதப்ப அவ அம்மாதான் எடுக்கச் சொல்லிட்டான்னு நெனச்சேன். பெத்தவளே எடுத்துட்டா, நான் யாரு சேக்கறதுக்கு? அவ என்ன நெனச்சாளோ. நான் ஆபீசுக்கு எழுதிப் போட்டு எடுத்துட்டேன்னு நெனச்சிருப்பா. ரெண்டு பேரும் கேட்டுக்கலம்மா. ஒரே வீட்ல இருந்துக்கிட்டுக் கேட்டுக்கல."

சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"நானா பேச மாட்டேன்னு சொல்லிட்டேன். சொன்ன வாயால திரும்ப எப்படிப் பேசறது? ஆனா பாரம் கேட்டிருந்தா நான் சொல்லித்தான் ஆகணும். பொய் சொல்ல மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். நீங்க கேட்டா, நான் பொண்ணு பேரைச் சொல்லுவேன், அதுலேருந்து பேச்சு தொடங்கும்னு காத்திருந்தா. அதான் வருஷா வருஷம் 'அவ்வளவுதானா, அவ்வளவுதானா'ன்னு உங்களைக் கேட்டா." தலையைக் குனிந்துகொண்டார். "நானும் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன், நீங்க கேப்பீங்கன்னு."

அந்தக் கூடத்தில் நாலு வருஷம் நான் அவர்கள் எதிரில் உட்கார்ந்து கூரையையும் தண்ணீரையும் பற்றிக் கேட்டிருக்கிறேன். விளக்குமாறு என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நான் கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார். "அம்மா போனப்ப பொண்ணுக்குத் தகவல் சொல்ல அட்ரஸ் தேடினேன். ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடைக்கல. நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க. நீங்களே சொல்லிடுங்கம்மா. எனக்கு அந்த யோக்கியதை இல்ல."

கண்டுபிடித்தேன். ஆளைத் தேடுவதில் எங்கள் அலுவலகத்தில் என்னை அடிக்க ஆளில்லை. அட்டையில் இருந்த முகவரி ஒரு சலவைக்கடைக்கு மேலே மாடி அறை. இருந்தவர்கள் எப்போதோ காலி செய்துவிட்டார்கள், ஆனால் சலவைக்கடைக்காரருக்குப் பட்டறைக்காரரின் பேர் நினைவிருந்தது. அந்தப் பேரை வைத்துக்கொண்டு இரும்புக் கடைகள் இருக்கும் தெருவில் விசாரித்தேன். ஏழாவது கடையில் ஒருவர், "ஓ, அவரா? வீட்டம்மாவும் மெஷின்ல நிப்பாங்களே, அவங்கதானே?" என்றார். மொத்தம் இரண்டே நாள் ஆயிற்று எனக்கு. பதினாலு வருஷத்தில் யாரும் செலவழிக்காத இரண்டு நாள்.

பட்டறை முன்னால், வீடு பின்னால். வாசலெல்லாம் சுருள் சுருளாக இரும்புத் துருவல். உள்ளே ஒரு பெண் கறைபடிந்த மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, கடைந்தெடுத்த உருளையின் விட்டத்தை அளவுக் கவ்வியால் அளந்துகொண்டிருந்தாள். அளந்தாள், திருப்பி அளந்தாள், திருப்தியில்லாமல் மூன்றாவது தடவையும் அளந்தாள். அப்பனை அப்படியே உரித்து வைத்த பெண். நிமிர்ந்தாள். என் பையைத்தான் முதலில் பார்த்தாள், பிறகு முகத்தை.

"கேள்வி அக்கா!"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"பதினாலு வருஷம் லேட்டு நீங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் உதடு துடித்தது. உள்ளே கூட்டிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மூத்தாள் பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டார்களாம். தன் மகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாளாம், எட்டு வயதாம். ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போனாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"வந்த புதுசுல தெருவுல யாராவது பையோட வந்தா எட்டி எட்டிப் பாப்பேன். எங்க போனாலும் விட மாட்டோம்னு சொன்னீங்கல்ல? இந்த வருஷம் வரலன்னா அடுத்த வருஷம் வருவாங்கன்னு இருந்தேன். அப்புறம் புரிஞ்சுது. பேரை எடுத்துட்டாங்கன்னு."

"நாலு..."

"அப்பா எடுப்பாருன்னு தெரியும்க்கா. அதுகூடப் பரவால்ல. ஆனா பாரத்துல கடைசியா அம்மாதான கையெழுத்துப் போடுவாங்க? நான் இல்லாத பாரத்துல அம்மா எப்படிக் கையெழுத்துப் போட்டாங்கன்னுதான் எனக்குத் தாங்கல. அதுக்கப்புறம் நான் இன்னொரு கடுதாசி எழுதவே இல்ல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாசலில் நின்றபடியே, பையைக் கீழே வைக்காமலே சொல்லியிருக்க வேண்டும். கேள்வி கேட்டே பிழைத்த வாய்க்குப் பதில் சொல்ல வரவில்லை. அந்தக் கையெழுத்துப் பாரத்தை முதலில் அவள் மனதிலிருந்து எடுத்துவிட்டு மற்றதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். இதிலும் எனக்குப் புத்தி போதவில்லை.

"உன் பேரை எடுத்தது நான்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். அட்டையை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். படித்தாள். ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்த கடைசி வரிக்கு வந்ததும் அட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "ஐயோ அம்மா! ஐயோ என் அம்மா! பாத்தீங்களாக்கா, எழுதியிருக்காங்க, நல்லா இருக்காளான்னு கேட்டு எழுதியிருக்காங்க!" எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். ஒன்பது வயதில் என் பையைப் பிடித்துத் தொங்கிய அதே முகம்.

"சரி, பாரத்தை எடுங்க. நான் திரும்ப உயிரோட வந்துட்டேன்னு எழுதுங்க முதல்ல" என்றாள். "கேள்வியெல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம். தனிக்குடித்தனம் போனவங்களுக்கு முதல் கேள்வி அப்பா அம்மா பத்தித்தான? அப்பா இருக்காரா?"

"இருக்காரு."

"அம்மா இருக்காங்க. எழுதிக்கோங்க. நாளைக்கே பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போறேன். அப்பா திட்டினா திட்டட்டும். நீங்க போனீங்களே, அம்மா என்ன சொன்னாங்க?"

பேனா என் கையில் இருந்தது. எழுதவில்லை.

"நாலு" என்றேன். "நான் போனப்ப... அம்மா இல்ல."

"ஓ. எங்க போயிருந்தாங்க?"

அவ்வளவுதான். நாற்பத்தொன்றாம் பக்கத்துக் கேள்வி. அதை ஒரு நொடிகூட யோசிக்காமல் கேட்டுவிட்டு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மா ஏதோ கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போயிருப்பார் என்கிற முகத்தோடு. போயிட்டாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கும் எங்கே என்றுதான் கேட்பாள். தவறிட்டாங்க என்று வந்தது. அதையும் விழுங்கினேன். இந்தப் பாஷையில் சுற்றி வளைத்துச் சொல்ல எத்தனை வார்த்தை இருக்கிறதோ அத்தனையும் நாக்கு நுனிவரை வந்து வந்து போனது. பாரத்தைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். எண்ணெய் மணக்கும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா இறந்துட்டாங்கம்மா" என்றேன். "எட்டு மாசம் ஆச்சு."